கெளுத்திக்குத் தனி இலை போடுங்கள்

கப்பி மீனின் வாயைக் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அது மேலே பார்த்துத் திறக்கும். தண்ணீரின் மேல்பரப்பில் தொங்கும் கொசுப்புழுவைக் கொத்தித் தின்ன அப்படிப்பட்ட வாய்தான் வசதி. நியான் டெட்ராவுக்கு வாய் நேர் முன்னால் இருக்கிறது. நடுத்தண்ணீரில் இறங்கி வருகிற இரையை அது பாய்ந்து பிடிக்கும். இப்போது அதே தொட்டியின் தரையில் மூக்கை மணலில் தேய்த்துக்கொண்டு திரிகிற கோரிடோராஸ் என்ற கெளுத்தி மீனைக் கவனியுங்கள். அதன் வாய் தலைக்கு அடியில், தரையைப் பார்த்து இருக்கிறது. வாயோரத்தில் குட்டிக் குட்டி மீசைகள்.

ஒரு மீன் தண்ணீரின் எந்த மட்டத்தில் சாப்பிடும் என்பதை அதன் வாயை வைத்தே சொல்லிவிடலாம். பல வகை மீன்களைச் சேர்த்து வளர்க்கிற தொட்டியில் சாப்பாட்டுத் தகராறு முழுக்க இங்கேதான் தொடங்குகிறது. மேலே சாப்பிடுகிறவர், நடுவில் சாப்பிடுகிறவர், கீழே சாப்பிடுகிறவர் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நாமோ ஒரே ஒரு டப்பாவைத் திறந்து, மிதக்கிற தீனியை ஒரு சிட்டிகை தூவிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம்.

பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் பல வீடுகளில் மீன்தொட்டி உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிவாஜி நகர் ரசல் மார்க்கெட் பக்கம் போய், பாலிதீன் பையில் மீனோடு திரும்புகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். சென்னைப் பிள்ளைகளுக்குக் கொளத்தூர் எப்படியோ, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த மார்க்கெட். எங்கே வாங்கினாலும் கெளுத்தி வகை மீனைக் கையில் கொடுக்கும்போது பெரும்பாலும் காதில் விழுகிற வசனம் ஒன்று இருக்கிறது. “இதுக்குத் தனியா சாப்பாடு வேணாம். கீழ விழுற மிச்சத்தைத் தின்னுக்கும். தொட்டியும் சுத்தமாயிடும்.”

இந்த வசனத்தை நம்பித்தான் எத்தனையோ கெளுத்திகள் பட்டினி கிடக்கின்றன.

எங்கள் மேல்வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பு. அவனும் இதையே சொல்லிக்கொண்டு ஆறு கோரிடோராஸ் வாங்கி வந்தான். “அப்போ மிச்சம் எவ்வளவு விழுதுன்னு எண்ணிப் பார்ப்போமா?” என்றேன். தீனி தூவினான். இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தோம். கப்பிகள் மேலேயே பாதியைக் காலி செய்தன. தப்பித்து இறங்கிய துணுக்குகளை டெட்ராக்கள் வழியிலேயே மறித்துப் பிடித்தன. மணலைத் தொட்டது இரண்டோ மூன்றோ துணுக்குகள்தான். அதைத் தேடிக் கீழே ஆறு மீசைக்காரர்கள் அலைந்தார்கள்.

“ஆன்ட்டி, அப்போ நிறையப் போட்டா கீழ போகும்ல?” என்றான்.

போகும். ஆனால் அதற்கு மேல்மீன்கள் எல்லாம் வயிறு முட்டத் தின்று முடிக்க வேண்டும். அதன் பிறகு கீழே வந்து சேர்கிற செதில் தீனியும் ஊறிப்போய் இருக்கும். வைட்டமின் சி போல நீரில் கரையும் சத்துகள் அதிலிருந்து தண்ணீருக்குப் போய்விடும். மேல்மீனுக்கு அஜீரணம், கீழ்மீனுக்குச் சத்தில்லாத சக்கை, தண்ணீருக்கு அழுக்கு. ஒருவருக்கும் லாபமில்லை.

சரி, அந்த மீசைக்கு வருவோம். அதில்தான் விஷயம் இருக்கிறது.

நமக்குச் சுவை அறிகிற மொட்டுகள் வாய்க்குள் மட்டும்தான் இருக்கின்றன. அதுவும் சில ஆயிரம். கெளுத்திக்கு அவை மீசையில் உண்டு, உதட்டில் உண்டு, விலாவில் உண்டு, வால் வரைக்கும் தோல் முழுக்க உண்டு. வட அமெரிக்க ஆறுகளில் மஞ்சள் புல்ஹெட் என்று ஒரு கெளுத்தி இருக்கிறது. யெல்லே அடெமா என்ற ஆய்வாளர் 1971-ல் அதன் சுவை மொட்டுகளைக் கணக்கிட்டார். சுமார் 25 செ.மீ. நீளமுள்ள ஒரு மீனின் உடம்பில் 1,75,000-க்கு மேல் வந்தது! மீசையில்தான் நெருக்கம் அதிகம். தரையில் ஒரு புழுவின் மேல் வால் பட்டால்கூட அந்த மீனுக்கு அது என்ன சுவை என்று தெரியும்.

அதற்கு நான்கு வருடம் முன்னால், 1967-ல், அதே இனத்தைச் சேர்ந்த மீன்களை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. மீன் இரையைத் தேடிப் போவது மோப்பத்தாலா, சுவையாலா என்பது கேள்வி. மோப்ப உணர்வு வேலை செய்யாதபடி செய்த பிறகும் மீன்கள் தூரத்தில் இருந்த இரையைச் சரியாகப் போய் அடைந்தன. தண்ணீரில் கரைந்து வருகிற சுவையை மட்டும் பிடித்துக்கொண்டு அவை போயிருக்கின்றன. நாம் பாயசத்தின் மணத்தைத் தொடர்ந்து அடுப்படிக்குப் போகலாம். இனிப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று நாக்கை நீட்டித் தெரிந்துகொள்ள முடியுமா? கெளுத்தியால் முடியும்.

ஜப்பானை ஒட்டிய கடலில் வாழும் ஒரு கெளுத்தி இதற்கும் ஒரு படி மேலே போகிறது. மண்ணுக்குள் வளை தோண்டிக்கொண்டு ஒளிந்திருக்கும் புழுக்கள்தான் அதற்கு இரை. புழு மூச்சு விடும்போது கரியமில வாயு வெளியேறும். அதனால் வளையின் வாயருகில் தண்ணீர் துளியளவு அமிலமாகும். பி.எச். அளவில் 0.1-க்கும் குறைவான அந்த மாற்றத்தை மீன் தன் மீசையால் உணர்ந்துவிடுகிறது என்று 2014-ல் ஜான் காப்ரியோவும் ஜப்பானிய ஆய்வாளர்களும் கண்டறிந்தார்கள். ஒளிந்திருக்கிற புழு மூச்சு விட்டாலே மாட்டிக்கொள்ளும். பாவம், மூச்சை எவ்வளவு நேரம்தான் அடக்கும்!

இதிலிருந்து நமக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, கெளுத்திக்குச் சாப்பிட வெளிச்சம் வேண்டாம். இருட்டிலும் அது தன் இலையைக் கண்டுபிடித்துவிடும். இரண்டு, அந்த மீசை பழுதானால் மீனின் பிழைப்பே போச்சு. கூரான சரளைக்கல் பரப்பிய தொட்டியில் கோரிடோராஸை விட்டால் மீசை தேய்ந்து தேய்ந்து கடைசியில் முளை மட்டும் மிஞ்சும். அடியில் அழுகல் தங்கினால் கிருமி தொற்றி மீசை அரித்தும் போகும். நன்றாக அலசிய மெல்லிய மணல்தான் அவற்றுக்கு ஏற்ற தரை. மணல் போட்ட தொட்டியில் கோரிடோராஸ் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கண் வரைக்கும் மூஞ்சியை மணலுக்குள் புதைக்கும். ஒரு வாய் மணலை அள்ளும். இரை உள்ளே நிற்கும். மணல் செவுள் வழியாக இரண்டு பக்கமும் புகையாக வெளியே கொட்டும். நடுவில் உங்களைப் பார்த்துக் கண்ணும் அடிக்கும். மீனுக்கு இமை கிடையாது. இந்த மீன் விழியைக் கீழ்ப்பக்கமாக உருட்டும். நமக்கு அது கண்ணடிப்பதாகத் தெரியும், அவ்வளவுதான்.

கோரிடோராஸின் ஊர் தென் அமெரிக்கா. புள்ளி போட்ட ஒரு வகையைச் சார்லஸ் டார்வின் தன் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1842-ல் லெனர்டு ஜெனின்ஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதே இனத்து மீன் இன்று நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது.

இனி சாப்பாடு. எந்தக் கெளுத்திக்கு என்ன சாப்பாடு என்று முதலில் தெரிய வேண்டும். கெளுத்தி என்றாலே எல்லாம் ஒன்று இல்லை.

கோரிடோராஸ் பாசி தின்னாது. பூச்சிப் புழுக்கள், மண்புழு வகைகள், சின்னச் சின்ன இறால் இனங்கள் ஆகியவைதான் ஆற்றில் அதன் உணவு. ஆகவே தொட்டியில் மீன்தூளும் இறால்தூளும் சேர்ந்த, மூழ்கும் தீனி வேண்டும். கடையில் ‘சிங்க்கிங் பெல்லெட்’ என்று கேட்டால் தருவார்கள். வில்லை வடிவத்திலும் கிடைக்கும். அதை ‘வேஃபர்’ என்பார்கள். வாரத்தில் ஒரு நாள், உறைந்த ரத்தப்புழுக் கட்டியிலிருந்து ஒரு துண்டை உருக வைத்துப் போடலாம். அந்தப் புழு ஏன் ரத்தச் சிவப்பாக இருக்கிறது தெரியுமா? நம் ரத்தத்தைச் சிவப்பாக்குகிற ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழ அது உதவுகிறது. சாக்கடையிலிருந்து அள்ளி உயிரோடு விற்கிற டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சாக்கடையின் கிருமிகளும் அதோடு கூடவே தொட்டிக்குள் வந்துவிடும்.

“கொசுப்புழு போடலாமா ஆன்ட்டி? எங்க டிரம்முல நிறைய இருக்கு.”

முதலில் அந்த டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னேன். டெங்கு வந்தால் மீனுக்குச் சோறு போட ஆளிருக்காது. அதோடு, கொசுப்புழு மூச்சு விடத் தண்ணீர்ப்பரப்புக்கு வந்து தொங்குகிற பிராணி. அது கப்பிக்கு விருந்து. தரையில் இருப்பவனுக்கு எட்டுவது அபூர்வம்.

அடுத்து, சக்கர் மீன். கறுப்பு உடம்பு, முரட்டுத் தோல், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘தொட்டி துடைப்பவன்’ என்ற பட்டமே இதற்கு உண்டு. இதுவும் கெளுத்தி வகைதான். சின்ன வயதில் பாசியைச் சுரண்டித் தின்னும் என்பது உண்மை. ஆனால் ஒரு இரண்டடித் தொட்டியில் எவ்வளவு பாசி இருந்துவிடப் போகிறது? தண்ணீர் கொள்ளளவே சுமார் 55 லிட்டர்தான். இருக்கிற பாசியை வழித்து முடித்துவிட்டு அது பட்டினி கிடக்கும். பசி முற்றினால் ராத்திரியில் ஏஞ்சல், தங்கமீன் போன்ற தட்டையான, மெதுவான மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அவற்றின் உடம்பு வழவழப்பைச் சுரண்டவும் ஆரம்பிக்கும். “மீனை மீன் கடிக்குது” என்று கடைக்காரரிடம் புகார் போகும். பசிதான் கடிக்கிறது.

சக்கருக்குக் காய்கறி வேண்டும். வெள்ளரிக்காயை விரல் கனத்தில் ஒரு வட்டம் நறுக்கி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஆற வையுங்கள். வெள்ளரி மிதக்கும். ஆகவே ஒரு எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி, கரண்டியோடு அடியில் கிடத்திவிடுங்கள். இரவில் வைத்துவிட்டுக் காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். தோல் மட்டும் வளையமாக மிஞ்சியிருந்தால் அவர் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். பூசணித் துண்டு, வேகவைத்த கீரை இவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சக்கர் தின்கிற அளவுக்கு எச்சமும் போடும். நூல் நூலாகத் தரையெங்கும் கிடக்கும். துடைப்பவன் என்ற பட்டம் யார் கொடுத்ததோ!

கடையில் ‘பேபி ஷார்க்’ என்று வெள்ளி நிறத்தில் விற்கிறார்களே, அதுவும் சுறா இல்லை, கெளுத்திதான். பங்காசியஸ் வகை. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஓட்டல்களில் ‘பாசா’ என்று முள்ளில்லாத துண்டாக வருவது இதே மீனோ, இதன் நெருங்கிய சொந்தமோதான். வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. நம் ஏரி குளத்து நாட்டுக் கெளுத்தியைப் பிடித்து வந்து விடுகிறவர்களும் உண்டு. அது அழகான மீன்தான். ஆனால் ராத்திரி வேட்டைக்காரன். வாய்க்குள் அடங்குகிற கப்பி எதுவும் விடியும்போது இருக்காது.

இப்போது எப்போது போடுவது என்ற கேள்வி. நம்மூர்த் தேளி மீன் தெரியுமல்லவா? முள் குத்தினால் கை வீங்கிப்போகுமே, அதே கெளுத்திதான். தில்லிப் பல்கலைக்கழகத்தில் அந்த மீனைப் பல காலம் ஆராய்ந்தவர் சுந்தரராஜ். அவரும் கூட்டாளிகளும் 1982-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், தேளிக்கு உணவு தரும் நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். வெளிச்சமும் இருட்டும் மாறுகிற வேளைகளை ஒட்டி எப்போது சாப்பாடு கிடைக்கிறது என்பதைப் பொறுத்து மீன் எடை போடுவதும் மாறியது. எவ்வளவு தின்கிறோம் என்பதோடு எப்போது தின்கிறோம் என்பதும் மீனின் உடம்புக்குக் கணக்குதான்.

கெளுத்திகளில் பெரும்பாலானவை இருட்டின் பிள்ளைகள். சக்கர் அப்படித்தான். கோரிடோராஸ் பகலிலும் ஓடியாடும். இருந்தாலும் அந்தி நேரத்தில் அதற்கு உற்சாகம் கூடும். ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும். மாலையில் விளக்கு எரியும்போது மேல்மீன்களுக்கு மிதக்கும் தீனி, தொட்டியின் ஒரு மூலையில். அவை அங்கே கூடித் தின்று ஓய்ந்ததும் விளக்கை அணையுங்கள். கால் மணி, அரை மணி கழித்து எதிர்மூலையில் மூழ்கும் தீனியைப் போடுங்கள். டெட்ராக்கள் இருட்டில் அசந்து நிற்கும். கீழே பந்தி நடக்கும்.

அப்படியும் திருடுகிற மீன்கள் உண்டு. டைகர் பார்ப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு குழாய் போதும். ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்துக் கீழ்முனை மணலுக்கு ஒரு விரல் உயரத்தில் இருக்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். மேல்முனை தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும். அதற்குள் தீனியைப் போட்டால் நடுவழியில் யாரும் மறிக்க முடியாமல் நேராகத் தரையில் போய் இறங்கும். சில நாளில் குழாயைக் கண்டதுமே கோரிடோராஸ்கள் கும்பலாக வந்து அடியில் காத்திருக்கும். மீனுக்கு ஞாபகமே இல்லை என்று சொல்கிறவர்களை அப்போது கூப்பிட்டுக் காட்டுங்கள். கொட்டாங்குச்சியும் நல்ல உபாயம். அரைச் சிரட்டையின் விளிம்பில் சின்ன வாசல் ஒன்று அறுத்துக் கவிழ்த்து வைத்து, வில்லையை உள்ளே தள்ளிவிட்டால், வாசல் கொள்ளாத பெரிய மீன்கள் வெளியே சுற்றிச் சுற்றி வரும்.

மிதக்கும் தீனி ஏன் மிதக்கிறது, மூழ்கும் தீனி ஏன் மூழ்குகிறது? வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மிதக்கும் உருண்டையும் மற்றதில் மூழ்கும் உருண்டையும் போடுங்கள். மிதக்கிற உருண்டையை ஒரு கரண்டியால் தண்ணீருக்குள் அழுத்தி நசுக்குங்கள். குட்டிக் காற்றுக்குமிழ்கள் வெளியேறும். தொழிற்சாலையில் தீனி மாவை அதிகச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்துச் சின்னத் துளை வழியாகத் தள்ளுவார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று குறையும். மாவுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிப் புடைக்கும். உள்ளே காற்றறைகள் உண்டாகும். அரிசி பொரியாவதும் இப்படித்தான். மூழ்கும் தீனியை அந்த அளவுக்குப் புடைக்க விடாமல் இறுக்கமாகச் செய்வார்கள். அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கூடுதல். விழுந்த கையோடு இறங்கிவிடும்.

அந்த டம்ளர்களைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு நாள் அப்படியே வையுங்கள். தண்ணீர் கலங்கும். மோந்து பார்த்தால் முகத்தைச் சுளிப்பீர்கள். பாக்டீரியாக்கள் தீனியைச் சிதைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த வேலைக்கு அவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. தொட்டியின் மூலையில், கல்லுக்குப் பின்னால், உங்கள் கண்ணில் படாமல் கிடக்கும் வில்லைக்கும் இதே கதிதான்.

காக்ஸ் டவுனிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அல்சூர் ஏரி. 2016 மார்ச்சில் ஒரு நாள் அங்கே ஆயிரக்கணக்கான மீன்கள் செத்துக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. ஏரிக்குள் வந்து சேர்ந்த சாக்கடை நீரும், அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோனதும்தான் காரணம் என்றார்கள். ஏரியில் சாக்கடை செய்கிற வேலையை வீட்டுத் தொட்டியில் மிச்சத் தீனி செய்யும். அளவுதான் வேறு, வேதியியல் ஒன்றே.

ஆக்சிஜன் மட்டுமல்ல. அழுகும் தீனியிலிருந்தும் மீனின் கழிவிலிருந்தும் அம்மோனியா வரும். அது மீனின் செவுளைப் புண்ணாக்கும் நஞ்சு. வடிகட்டியிலும் மணலிலும் குடியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அதனால் அவ்வளவு கெடுதல் இல்லை. வாராவாரம் கால்பங்கு தண்ணீரை மாற்றினால் நைட்ரேட் வெளியேறிவிடும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் வரை பிடிக்கும். அதுவரை தீனியில் கை கட்டுப்பாடாக இருக்க வேண்டும். போர் தண்ணீர் போல பி.எச். கூடிய தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் ஏறும். காவேரித் தண்ணீர் என்றால் குளோரின் கலந்து வரும். சம்ப்பிலிருந்து நேராகப் பிடித்துத் தொட்டியில் ஊற்றினால் நல்லது செய்யும் பாக்டீரியாவும் செத்துப்போகும். வாளியில் ஒரு நாள் காற்றுக்குமிழி விட்டு வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

எவ்வளவு போடுவது? மேல்வீட்டுப் பையன் எண்ணிக்கை கேட்டான். எண் சொல்ல நான் மறுத்துவிட்டேன். மீனே சொல்லும். கோரிடோராஸை நேர் முன்னாலிருந்து பாருங்கள். வயிறு லேசாக உப்பியிருந்தால் சரி. உள்ளே குழிந்திருந்தால் போதவில்லை. சக்கர் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் அடிவயிறு நன்றாகத் தெரியும்; குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். போட்ட தீனி இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் கிடந்தால் அது அதிகம். மிச்சத்தை ஒரு குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு மறுநாள் குறைத்துப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் தீனியே போடாவிட்டாலும் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. டிசம்பர், ஜனவரியில் பெங்களூருவில் ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும். மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் மெதுவாகும். ஹீட்டர் இல்லாத தொட்டியில் அந்த மாதங்களில் தீனியைக் குறைக்கத்தான் வேண்டும்.

கோரிடோராஸ் இன்னொரு எச்சரிக்கையும் தரும். திடீரென்று அம்பாக மேலே பாய்ந்து, தண்ணீருக்கு வெளியே வாயை ஒரு நொடி நீட்டிவிட்டுக் கீழே வந்துவிடும். பார்த்திருப்பீர்கள். விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அது காற்றை விழுங்குகிறது. அந்தக் காற்று குடலுக்குப் போகும். குடலின் பின்பகுதிச் சுவர் மெல்லியது, ரத்தக்குழாய்கள் நிறைந்தது. ஆக்சிஜனை அங்கே உறிஞ்சிக்கொண்டு மிச்சக் காற்றைப் பின்வாசல் வழியாக விட்டுவிடும். (சிரித்தது போதும்.) எப்போதாவது ஒரு தடவை மேலே போனால் அது வழக்கம்தான். எல்லாம் சேர்ந்து அடிக்கடி மேலே ஓடினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது என்று பொருள். உடனே தொட்டியின் அடியில் என்ன அழுகிக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள்.

ஒழுங்காகச் சோறு போட்டால் சக்கர் மீன் வளரும். ஒரு அடியைத் தாண்டும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடமிருக்காது. அப்போது நிறையப் பேருக்கு வருகிற யோசனை, “பாவம், ஏரியில் விட்டுடலாம்” என்பது. தயவுசெய்து விடாதீர்கள். இந்தத் தென் அமெரிக்க மீன் கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், மேற்கு வங்கம் என்று பல மாநில நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியிருக்கிறது. கரையில் வளை தோண்டி மண்ணைச் சரிக்கிறது. முள் துடுப்பால் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. நம் நாட்டு மீன்களின் உணவைப் பங்கு போடுகிறது. இன்னொரு வெளியூர்க் கெளுத்தியான ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாதென்று மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை போட்டது. அது நம் மீன்களையே தின்று தீர்க்கிறது என்பதுதான் காரணம். ஆகவே தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். அல்சூர் ஏரியிலோ உங்கள் ஊர்க் குளத்திலோ மட்டும் விட வேண்டாம்.